சிலோனுக்குப் போன மூன்று பேர்

கப்பலில் போகப்போகிறோம் என்றதும் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “ஏனுங்க, யாருக்கு என்னாச்சு?” தருமபுரிக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒன்று ஒகேனக்கல், இல்லாவிட்டால் டேங்கர் லாரி. ஒகேனக்கல்லுக்கும் முக்கால்வாசிப் பேர் காரியம் செய்யத்தான் போகிறோம். மீன் வறுவலும் பரிசலும் அதற்கப்புறம். சும்மா தண்ணீர்மேல் மிதந்துவிட்டு வருவதற்காக ஒரு குடும்பம் பெட்டி கட்டுகிறது என்பதை யாரும் நம்பத் தயாராக இல்லை.

நான் மாதம்மாள். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் வேலை. அங்கே வரும் பத்திரிகைகளில் பயணக் கட்டுரை வந்தால் ஒன்றுவிடாமல் படித்துவிடுவேன். நாமும் ஒன்று எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கை அரித்துக்கொண்டிருந்தது. எழுதுவதற்குப் பயணம்தான் வாய்க்கவில்லை. வாய்த்தது இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால், கையைச் சொறிந்துகொண்டு சும்மா இருந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் முனிரத்தினம் தக்காளி விவசாயி. போன வருஷம் மண்டியில் கூடை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடி ஸ்டென்ட் வைத்தோம். அதிலிருந்து மூன்று படி ஏறினால் ஒரு நிறுத்தம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் குமரேசன்தான், “அப்பாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கம்மா, நடக்கவே தேவையில்லாத ஊரா” என்று சொல்லி, போனில் இரண்டு கப்பல் படங்களை அனுப்பினான். ஒன்று லட்சத்தீவு போகும். இன்னொன்று இலங்கை போகும். எது என்பதை நாங்களே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வாரம் இதே பேச்சு. லட்சத்தீவில் தேங்காயைத் தவிர ஒன்றும் கிடையாது என்றார் மண்டிக்காரர். இலங்கையில் தமிழ் பேசுவார்கள், வழி கேட்க வசதி என்றார் உரக்கடைக்காரர். எனக்கு லட்சத்தீவுதான். அந்தப் படத்தில் தண்ணீர் மயில்கழுத்து நிறத்தில் இருந்தது. கண்ணாடி அடிபோட்ட படகில் உட்கார்ந்து கீழே மீன் பார்க்கலாமாம். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் இதுவரை எனக்காக என்று ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்டேன். இவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “செல்வியக் கேட்டுடலாம்” என்றார்.

செல்வி இவருடைய மூத்த தாரம். மஞ்சள் காமாலையில் இருபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். அப்போது குமரேசனுக்கு மூன்று வயது. அடுத்த வருஷமே நான் வந்தேன். எனக்கு வயிறு திறக்கவில்லை. ஏன் என்று டாக்டர்களும் சொல்லவில்லை, கோயில்களும் சொல்லவில்லை. குமரேசன் என்னைத்தான் அம்மா என்பான். ஆனால் பெற்றவள் அவள். அதை ஊர் ஒருநாளும் மறந்ததில்லை, என்னையும் மறக்கவிட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் பூவும் பொட்டுமாகச் செத்தவளைச் செத்துப்போனவளாக நினைக்க மாட்டோம். அவள் பூவாடைக்காரி. வீட்டில் நல்ல காரியம் என்றால் ஏரிக்கரைக்குப் போய், தண்ணீரிலிருந்து அவளைக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வருவோம். எனக்கு ஒரு சேலை எடுத்தால் அவளுக்கும் ஒன்று எடுக்க வேண்டும். முதலில் அவளுக்குப் படைத்து, பிறகுதான் நான் உடுத்தலாம். பொங்கல் சோற்றிலும் முதல் கரண்டி அவளுக்குத்தான். இதெல்லாம் எனக்குப் பழகிப்போனதுதான். ஆனால் சுற்றுலா போகிற இடத்தைக்கூட அவள்தான் சொல்ல வேண்டும் என்றதும் எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்!

“செத்தவளுக்கு லட்சத்தீவு எங்க இருக்குதுன்னு தெரியுமா? எனக்கே தெரியாது!” என்றேன்.

“அவளக் கேக்காம இந்த வூட்ல எதுவும் நடந்ததில்ல, மாதம்மா.”

பூ கேட்டோம். வாழையிலைத் துணுக்கில் வெள்ளை நந்தியாவட்டையை நானே மடித்தேன், அது லட்சத்தீவு. இன்னொன்றில் செவ்வரளி, அது இலங்கை. இரண்டையும் குலுக்கி அவள் படத்துக்கு முன்னால் போட்டோம். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். அரளி. மறுபடி போடுங்கள் என்றேன். மறுபடியும் அரளி. மூன்றாவது தடவையும் அரளி. “போதும்டி, சாமிகிட்ட வெளையாடாத” என்று எழுந்து போய்விட்டார். நான் மிச்சப் பொட்டலத்தைப் பிரித்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் செடியிலிருந்து பறித்த நந்தியாவட்டை, நாலு நாள் தண்ணீரில் கிடந்ததுபோல் பழுப்பாகி நாறியது. வெயில் காலம், இலைச்சூடு என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும் அன்று படையல். அவளுக்குக் கிளிப்பச்சையில் ஒரு சேலை, எனக்கு ஊதாவில் ஒன்று. கற்பூரம் ஏற்றி வேண்டுதல் சொல்ல வேண்டியது நான். இதற்கு ஒரு முறை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து என்றால், “முன்னால வந்து நின்னு, கூடவே இருந்து நடத்திக் குடு தாயி” என்று சொல்வோம். ஊருக்குப் போகும்போது அப்படிச் சொல்லக்கூடாது. “நாங்க வர்ற வரைக்கும் வூட்டப் பாத்துக்க தாயி” என்று அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். போன மாதம்தான் கடத்தூரில் கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்கு முந்தின வார்த்தையைச் சொல்லியிருந்தேன். நாக்கில் அதுதான் நின்றது. “முன்னால வந்து நின்னு, கூடவே இரு தாயி” என்று கடகடவென்று சொல்லி முடித்துவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாசலில் வண்டி வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கிளிப்பச்சைச் சேலையைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஓடிவந்து ஏறினேன்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் இவர் வாயைப் பிளந்தார். பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைக்கு வெள்ளையடித்துத் தண்ணீரில் விட்டதுபோல் அவ்வளவு பெரிசு. ஏறும் இடத்தில் ஒரு போட்டோக்காரர் எல்லோரையும் மடக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இந்தியிலும் கையிலும் பேசினார். பின்னால் நின்ற ஒருவர் எங்களுக்கு மொழிபெயர்த்தார்: “நடுவுல இருக்கறவங்க மேல இடிக்காம நில்லுங்கன்னு சொல்றாருங்க.” நடுவில் யார்? நான் இவரை ஒட்டி நின்றேன். போட்டோக்காரர் தலையாட்டிவிட்டு, என்னைத் தோளைத் தொடாத குறையாக நகர்த்தி நிறுத்தினார். மாலையில் அந்தப் படத்தைக் கண்ணாடிப் பலகையில் மாட்டி வைத்திருந்தார்கள். நானும் இவரும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நிற்கிறோம். நடுவில் கடல் தெரிகிறது. இவருடைய இடது கை மட்டும் யாரையோ அணைத்துப் பிடித்ததுபோல் வளைந்திருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கூடம், நாம்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். புழு மாதிரி நெளியும் சேமியாவில் வெள்ளைக் குழம்பு. பச்சை இலைகள் ஒரு மலை, நம் ஊர் ஆடு பார்த்தால் ஆனந்தப்படும். ரசம் என்று எழுதியிருந்ததில் தக்காளி இருந்தது, ரசம் இல்லை. இவர் ஒரு துண்டைக் கரண்டியில் தூக்கிப் பார்த்து, “தோல் தடிப்பா இருக்குது பாரு. குளிர்ல வச்சு எடுத்த காய். பாலக்கோட்டு மண்டிக்குள்ளயே விட மாட்டான்” என்று தீர்ப்பு சொன்னார். நான் மேஜையில் கொண்டுபோய்த் தட்டுகளை வைத்தேன். பரிமாறும் பையன் கோவாக்காரனாம், சிரித்த முகம். மூன்று டம்ளர் வைத்தான், மூன்று கரண்டி வைத்தான். இரண்டு பேர் என்று விரலைக் காட்டினேன். அவன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்: “தெரியும் அம்மா. உங்கள் மகள் வந்ததும் உட்காரட்டும் என்று வைத்தேன்.”

எங்களுக்கு மகளே கிடையாது. வேறு குடும்பத்தோடு குழப்பிக்கொள்கிறான் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து மேஜையில் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சரோஜா என்கிற அம்மா. நம் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பேசினார், பேசினார், கோழிக்கு வரும் நோய்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, “உங்க பொண்ணு ரொம்ப அமைதிங்க” என்றார்.

“எந்தப் பொண்ணுங்க?”

“மேல் தளத்துல கம்பியப் புடிச்சிட்டு நின்னுச்சே. எந்த ஊரு கண்ணுன்னு கேட்டேன். பாலக்கோடுன்னு சொல்லுச்சு. அப்பா அம்மா சாப்புடப் போயிட்டாங்களான்னு கேட்டா, சிரிக்குது, பதில் சொல்ல மாட்டேங்குது. இருபத்தஞ்சு, இருபத்தாறு இருக்குமா? கிளிப்பச்சை அந்த நெறத்துக்கு எடுப்பா இருக்குதுங்க.”

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். நான் கல்யாணமாகி வந்தபோது அவள் எனக்கு இரண்டு வயது மூத்தவள். அதனால்தான் அக்கா என்று கும்பிடத் தொடங்கினேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு. எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறவர்களுக்கு அவள் என் மகளாகத்தான் தெரிவாள். இவரைப் பார்த்தேன். இவர் கூடத்தின் வாசலைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இவரைப் படுக்க வைத்திருந்தபோது, பார்க்க வந்த ஒருத்தி என் காதுபடவே சொன்னாள், “மூத்தவ கூப்புடறா போல. கட்டுனவன வுட்டுட்டு பூவாடைக்காரிங்க ரொம்ப நாளைக்கு இருக்க மாட்டாங்க.” அன்றைக்கு அவளைத் திட்டி அனுப்பினேன். இப்போது நானே, கூடவே இரு தாயி என்று வாயாரக் கூப்பிட்டுவிட்டு, தண்ணீரில் வருகிறவளிடம், இந்த உலகத்தில் இருக்கிற தண்ணீரிலேயே பெரிய தண்ணீருக்கு இவரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் முழுக்கக் கடல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை கிடையாது. சனம் நீச்சல் தொட்டியில் குதித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு கடலுக்கு நடுவில் ஒரு தொட்டி கட்டி, அதில் குளிக்கிறார்கள்! ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் தம்போலா. இவர் காலையிலேயே மழமழவென்று சவரம் செய்துகொண்டு, முடியை ஒருபக்கமாக வகிடு எடுத்து வாரியிருந்தார். அப்படி வாரி நான் பார்த்ததே இல்லை. லிப்டுக்காக நான் நின்றுகொண்டிருக்க, “நீ வா” என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனார். மூன்று படிக்கு ஒருமுறை நிற்கிற மனிதர்! அணையப்போகிற விளக்குதான் அப்படி எரியும் என்பார்கள். சந்தோஷப்படவா, அழவா என்று தெரியாமல் லிப்டுக்குள் நின்றேன்.

அந்த லிப்டு என்னை ஏதோ ஒரு தளத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. நீளமாக ஒரு தாழ்வாரம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், காலடிச் சத்தம் கேட்காத கம்பளம். இந்தப் பக்கம் நடந்தாலும் அதே கதவுகள், அந்தப் பக்கம் நடந்தாலும் அதே கதவுகள். ஒரு அறையிலிருந்து துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு மிசோரத்துப் பெண் ஒருத்தி வந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே ஆங்கிலத்தில், “உங்கள் மகள் இப்போதுதான் இந்த வழியாகப் போனார்” என்று கையைக் காட்டினாள். எனக்கு வேறு வழி தெரியாது. அவள் காட்டிய பக்கமே போனேன். கம்பளத்தில் ஈரக்கால் பதிந்த தடம் இருந்தது. நீச்சல் தொட்டியிலிருந்து யாரோ நடந்திருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் தள்ளினால் திறந்தவெளித் தளம். கம்பியில் சாய்ந்துகொண்டு இவர் தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“யார்கிட்டங்க பேசறீங்க?”

இவர் மறைக்கவில்லை. “கல்யாணமான புதுசுல நானும் செல்வியும் ரேடியோவுல சிலோன் பாட்டு வெச்சுக் கேப்போம், மாதம்மா. சாயங்காலம் ஆனா அவளுக்கு அது வேணும். ஒரு நாள் சிலோனுக்கே கூட்டிட்டுப் போறன்னு சொன்னன். அதுக்கப்புறம் அஞ்சு வருசங்கூட இருக்கல அவ.”

“அதான் அரளியா எடுத்தீங்களா?”

“நான் எடுக்கல. அவளே எடுத்துக் குடுத்தா.”

குமரேசனுக்குப் போன் போட்டேன். கடலுக்கு நடுவில் சிக்னலாவது, ஒன்றாவது. சரோஜா அம்மாவிடம் சொல்லலாம் என்றால் கப்பல் முழுக்கப் பரவிவிடும். அன்று முழுவதும் இவருடைய சட்டை நுனியைப் பிடிக்காத குறையாகக் கூடவே திரிந்தேன். கழிவறைக்குப் போனாலும் வாசலில் நின்றேன். சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று தட்டு வைத்தான் அந்தப் பையன். பழக்கதோஷம், முதல் கரண்டிச் சோற்றை நானே அந்தத் தட்டில் வைத்தேன். இவர் என்னை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வை எனக்குச் சுடுகிறதா, குளிர்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் திருகோணமலை. கரை மேலே பச்சை, கீழே நீலம். ஐயோ, எவ்வளவு அழகான ஊர்! பார்க்கத்தான் எனக்குக் கண் இல்லை. கப்பலிலிருந்து சின்னப் படகில் இறக்கிக் கரையில் விட்டார்கள். அப்பமும் சம்பலும் வாங்கிச் சாப்பிட்டோம். அந்தச் சம்பலின் காரம் நம் ஊர்க் காரம்தான், தேங்காய் மட்டும் தாராளம். கோணேசர் கோயிலுக்குப் போக ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினோம். ஓட்டுகிறவர் என் வயதுதான் இருப்பார். “ஏறுங்கோ அம்மா. பின்னுக்கு மூன்று பேருக்கும் இடம் காணும்” என்றார்.

“ரெண்டு பேர்தாங்க” என்றேன் வெடுக்கென்று.

அவர் கண்ணாடியில் ஒருதரம் பார்த்தார். வண்டியை எடுத்தார். கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் தாங்கமாட்டாமல் கேட்டார், “அந்தப் பிள்ளை ஏன் அம்மா அழுகிறா?”

அதே நேரத்தில் டமார் என்று பின்சக்கரம் வெடித்தது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி ஓரமாக நின்றது. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் இவர் இல்லை. செருப்பு மணலில் கிடந்தது. இவர் தொடையளவுத் தண்ணீரில், மண்டிக்கு நடக்கிற மாதிரி கை வீசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

நான் ஓடியதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். சேலை காலைச் சுற்றி இரண்டு தரம் விழுந்தேன். போய்ச் சட்டைக் காலரைப் பிடித்தேன். இவர் திரும்பினார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

“செல்வி கூப்புடறா. மாதம்மாவக் கேக்காம வர மாட்டேன்னு சொல்லிட்டேன். அதான் அழறா.” பிறகு, வயலுக்குப் போகக் கேட்பதுபோல் கேட்டார், “நான் போகட்டுமா?”

போயிட்டு வரட்டுமா என்று கேட்கவில்லை. போகட்டுமா என்றுதான் கேட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்ததோ தெரியாது. இவரை என் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கடலைப் பார்த்துக் கத்தினேன். கடலில் யாரும் இல்லை. அலை மட்டும் வந்து வந்து போனது.

“அக்கா! நல்லாக் கேட்டுக்க. முதச் சேலை உனக்குக் குடுத்தேன். முதச் சோறு உனக்குக் குடுத்தேன். நீ பெத்துப் போட்டுட்டுப் போன புள்ளைக்கு மலம் அள்ளுனேன், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன், ஆளாக்குனேன். எதையாச்சும் எனக்குன்னு கேட்டனா? நீ கட்டிக்கிட்ட ஆளு மீச முறுக்கிட்டு, ரேடியோ கேட்டுட்டு, உன்னச் சிலோனுக்குக் கூட்டிட்டுப் போறன்னு சொன்ன ஆளு. அந்த ஆள நான் கண்ணால கண்டதில்ல. அவன் நீ போன அன்னைக்கே உங்கூடப் போயிட்டான். எங்கிட்ட வந்து சேந்தது மிச்சம். குடிச்சிட்டு வாசல்ல வுழுந்து கெடந்த மிச்சம். அத நான் எடுத்துத் தொடச்சு, சோறு போட்டு, மாத்தர குடுத்து வெச்சிருக்கேன். பாரு, படியேற முடியாது, குறட்ட வுடும், காது பாதி கேக்காது. இத வெச்சிட்டு நீ என்ன பண்ணுவ? உனக்கு இருபத்தாறு வயசு. உன்னோட ஆள நீ கூட்டிட்டுப் போ. முழுசாக் கூட்டிட்டுப் போ. இது என் ஆளு. இத உட்டுரு, தாயி. உட்டுரு!”

ஒரு பெரிய அலை வந்து இடுப்பில் மோதியது. பின்னால் இவர் “அம்மா” என்று முனகுவது கேட்டது. திரும்புவதற்குள் முழு பாரமும் என்மேல் சாய்ந்தது. மூச்சு இரைத்தது, உடம்பெல்லாம் தொளதொளவென்று இருந்தது. ஆட்டோக்காரர் ஓடிவந்து ஒரு கை கொடுத்தார். இருவருமாக இழுத்துக் கரையில் உட்கார வைத்தோம். மாத்திரையை நாக்கடியில் வைத்தேன். இவர் கண்ணைத் திறந்து, “ஏன் புள்ள, எல்லாம் நனஞ்சிருக்குது? மழையா?” என்றார். நான் மணலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

துறைக்குத் திரும்பும்போது, சக்கரத்தை மாற்றி வண்டியைக் கிளப்பிய ஓட்டுநர் கடற்கரைப் பக்கம் பார்த்தார். “மற்றப் பிள்ளை வரேல்லையோ?”

“இல்லீங்க. அது வராது.”

“தனியா இல்லைத்தான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “ஆரோ ஒரு இளம் பொடியன் பக்கத்தில நிக்கிறான். முறுக்கின மீசை. நல்ல சோடி.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வருகையில் கப்பலில் இரண்டு தட்டுதான் வைத்தார்கள். சரோஜா அம்மா வந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “உங்களுக்கு எத்தன புள்ளைங்க?” என்று புதிதாகக் கேட்டார். ஒரே பையன் என்றேன். இவர் மூன்று படிக்கு ஒருமுறை நின்றார். ஓய்வு நாற்காலியில் சாய்ந்து வாய் திறந்து குறட்டை விட்டார். அந்தக் குறட்டையைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கடலை நிம்மதியாகப் பார்த்தேன். மயில்கழுத்து நிறம்தான், லட்சத்தீவுக்குக் குறைச்சல் இல்லை. மேலே யாரோ பழைய பாட்டுப் போட்டிருந்தார்கள். “உங்க சிலோன் பாட்டு மாதிரி இருக்குதுங்க” என்று சொல்லிப் பார்த்தேன். “நம்ம வூட்ல ரேடியோ எப்ப இருந்துச்சு?” என்றார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் இறங்கி ஊருக்கு பஸ் பிடித்தோம். கிருஷ்ணகிரி தாண்டியதும் காற்றில் மண் வாசனை, காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்புகள். குமரேசனிடம் கப்பல் நன்றாக இருந்தது, அப்பா நன்றாகச் சாப்பிட்டார் என்று போனில் சொல்லி முடித்தேன். “நீங்களும் பேசுங்க” என்று போனை இவரிடம் கொடுத்தேன். “நல்லா இருக்கியா சாமி?” என்று கேட்டுவிட்டு, வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் அலசிவிட்ட பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது.

“மாதம்மா.”

“என்னங்க?”

“நம்ம குமரேசன் பொறந்தப்ப நீ ரொம்பக் கஷ்டப்பட்டியா?”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். கண்ணைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. “முழுசாக் கூட்டிட்டுப் போ” என்று நான்தான் சொன்னேன். அவள் ஒரு துளி மிச்சம் வைக்காமல் கொண்டுபோயிருக்கிறாள். இவருக்கு இனி ஒரே கல்யாணம், ஒரே பெண்டாட்டி. இருபத்தெட்டு வருஷமாக நான் எந்தச் சாமியிடமும் வாய்விட்டுக் கேட்கத் துணியாதது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பெற்றவளை அப்பாவுக்கே தெரியவில்லை என்றால் குமரேசனுக்கு என்ன பதில் சொல்வேன்? எனக்குப் பயமாக இருந்தது. அப்படியிருந்தும் அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்க மாட்டாரா என்று இருந்தது.

“ரொம்ப வலிச்சுதா?” என்றார்.

“ஆமாங்க” என்றேன். “ராத்திரி பகலா வலி. நீங்கதான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனீங்க. மறந்துட்டீங்களா?”

“மறப்பனா?” என்றார்.